கேளுங்க, சொல்றேன்: வாஷிங் மெஷினுக்கும் ஏலமா?

(கேள்விகளைத் தமிழில் எழுதுங்கள். எழுத்துப்பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் போதும்.)

கேள்வி: வணக்கம் ஆன்ட்டி. டர்பன்ல ஒரு யூனிவர்சிட்டி ரெசிடென்ஸ்ல ஹவுஸ் கமிட்டியில இருக்கேன். எங்க பிளாக்குல வாஷிங் மெஷின் மூணுதான். நிழல்ல கார் நிறுத்த இடம் நாலு. தனியா இருக்கிற ஒத்தை ரூம் ஆறு. எல்லாத்துக்கும் சண்டை. அதனால செமஸ்டருக்கு ஆளுக்கு நூறு டோக்கன் கொடுத்து, வேணுங்கறவங்க ஏலத்துல எடுத்துக்கட்டும்னு ஒரு திட்டம் போட்டிருக்கோம். டோக்கன் பத்தலைன்னா வேலை செஞ்சு சம்பாதிக்கலாம்: முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கலாம், விழாவுக்கு நாற்காலி அடுக்கலாம். ரூம் கிடைக்காத பிள்ளைங்க பரீட்சை வாரத்துல ரெஸ்ல தங்கறதுக்கும் டோக்கன் வாங்கலாம்னு ஒரு அண்ணா சொல்றார். எனக்கு என்னமோ உறுத்துது. இது நியாயமா? – மூன்றாம் வருஷ மாணவி, வெஸ்ட்வில்

பதில்: மகளே, உறுத்துவது நியாயம்தான். ஆனால் உறுத்த வேண்டிய இடம் ஏலம் இல்லை. அந்த அண்ணாவின் கடைசி யோசனைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இப்போது எப்படி நடக்கிறது என்று பார். படுக்கை ஒதுக்குகிற மேசையிலேயே உட்கார்ந்து ரிட்டயர் ஆனவள் நான், எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை விடியும்போதே ஒருத்தி வந்து மெஷினுக்குள் ஒரே ஒரு தலையணை உறையைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவாள். எட்டு மணிக்கு வருகிறவள் மூடியைத் திறந்து பார்த்து, அந்த உறையை இரண்டு விரலால் எடுத்து வெளியே வைப்பாள். ஒன்பது மணிக்கு வார்டன் கதவைத் தட்டுவார்கள். பந்திக்கு முந்து என்று சொல்லி வைத்தார்களே, அதுதான் உங்கள் ரெசிடென்ஸின் இன்றைய சட்டம். அந்தச் சட்டத்தில் தோற்பது யார்? வெள்ளிக்கிழமை ராத்திரி சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கும் டில்லில் நின்றுவிட்டுக் கடைசி டாக்ஸியில் வந்து படுத்த பிள்ளை. ஆகவே, 'ஏலம் அநியாயம், வரிசைதான் நியாயம்' என்று யாராவது சொன்னால், வரிசையில் நிற்க நேரம் வேண்டும், அது எல்லாரிடமும் ஒரே அளவு இல்லை என்று பதில் சொல்.

உன் திட்டத்தின் அழகு அந்த நூறுதான். நம் வீடுகளில் ஏலச்சீட்டு பிடித்திருப்பார்கள். அவசரம் உள்ளவர் தள்ளுபடி கொடுத்து முன்னதாக எடுப்பார், அந்தத் தள்ளுபடி மற்றவர்களுக்குப் பிரியும். யாருக்கு அவசரம் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை, ஏலமே சொல்லிவிடும். ஆனால் சீட்டில் புழங்குவது ரேண்ட், நிஜப் பணம். கையில் காசுள்ளவர் அவசரமே இல்லாவிட்டாலும் எடுக்கலாம். உன் டோக்கனில் அப்பா டாக்டரா, அம்மா டில்லில் நிற்கிறாரா என்பது தெரியாது. எல்லாருக்கும் நூறு. நிழல் பார்க்கிங்கில் அறுபது கொட்டினால் சனிக்கிழமை மெஷினுக்கு நாற்பதுதான் மிச்சம். எது தனக்கு முக்கியம் என்று ஒவ்வொருத்தரும் தானே முடிவு செய்கிறார்கள்.

இது ஒன்றும் நீங்கள் கண்டுபிடித்ததில்லை. 1979லேயே ஹில்லண்ட், செக்ஹவுசர் என்ற இரண்டு பேர், பணம் புழங்கக்கூடாத இடத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு பொய்ப்பணம் கொடுத்துப் பங்கிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலில் கூட்டம் அலைமோதும் வகுப்புகளுக்கு மாணவர்கள் பாயின்ட் வைத்து ஏலம் கேட்கிறார்கள். பென்சில்வேனியாவின் வார்ட்டனிலும் பல வருஷம் ஏலம்தான். 2013ல் அதை மாற்றினார்கள். எரிக் பூடிஷ் என்பவருடைய கணக்கின்படி, மாணவர் தன் விருப்பத்தை மட்டும் சொன்னால் போதும். ஏறக்குறைய ஒரே அளவு பொய்ப்பணத்தை ஒவ்வொருத்தருக்கும் கொடுத்து, விலையைக் கம்ப்யூட்டரே தேடிக் கண்டுபிடித்து வகுப்புகளைப் பிரித்துவிடும். ஏன் மாற்றினார்கள் என்பதில் உனக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஏலத்தில் ஜெயிப்பதற்கே ஒரு தனிச் சாமர்த்தியம் தேவைப்பட்டது. படிக்க வந்த பிள்ளைகள், யார் எவ்வளவு கேட்பார்கள் என்று மோப்பம் பிடிப்பதிலேயே பொழுதைக் கழித்தார்கள்.

அந்த மோப்பத்தைக் குறைக்க உங்கள் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. நாலு பார்க்கிங் இடம். சீல் வைத்த கவரில் அறுபது, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபத்தைந்து, பத்து என்று ஆறு பேர் எழுதிக் கொடுத்தார்கள் என்று வை. முதல் நாலு பேருக்கு இடம். ஆனால் அறுபது எழுதினவளிடம் அறுபது பிடிக்காதே. நாலு பேரிடமும் இருபத்தைந்து பிடி, அதாவது தோற்றவர்களில் அதிகம் எழுதியவரின் தொகை. அப்படிச் செய்தால் மனசில் இருப்பதை அப்படியே எழுதலாம், 'ஐயோ கூட எழுதிவிட்டேனே' என்று அழ வேண்டியதில்லை. அவரவர் எழுதியதையே பிடித்தால், அடுத்த தடவை எல்லாரும் பக்கத்து ரூம்காரி என்ன எழுதுவாள் என்று யோசித்துத்தான் எழுதுவார்கள்.

இன்னொரு கண்ணி. 2010ல் சொன்மெஸ், உன்வர் என்ற இருவர் பிசினஸ் ஸ்கூல் ஏலங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் வருவது, உங்கள் பிளாக்குக்கு அப்படியே பொருந்தும். உனக்கு ரொம்பப் பிடித்த ரூம் மூன்றாம் மாடி மூலை ரூம். அதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துப் பதினைந்துதான் எழுதுகிறாய். இரண்டாவதாகப் பிடித்த பால்கனி ரூமுக்குப் போட்டி என்று எழுபது எழுதுகிறாய். ஆபீஸ் என்ன செய்யும்? எழுபது எழுதினதால் பால்கனிதான் உன் முதல் ஆசை என்று நினைத்து அதைக் கொடுத்துவிடும். மூலை ரூம் பதினைந்துக்கே உனக்குக் கிடைத்திருக்கும், ஆனால் கிடைக்காது. ஆகவே ஃபார்மில் இரண்டு காலம் வை. ஒன்றில் விருப்ப வரிசை, மற்றொன்றில் டோக்கன். டோக்கன் யார் முந்துகிறார் என்பதை மட்டும் தீர்மானிக்கட்டும், யாருக்கு எது பிடிக்கும் என்பதை அல்ல.

எத்தனை டோக்கன் விடுவது என்பதும் விளையாட்டில்லை. வாஷிங்டன் கேப்பிட்டல் ஹில்லில் 1970களில் சுமார் 150 குடும்பங்கள் சேர்ந்து, ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம் வைத்தார்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு சீட்டு. சீட்டு குறைவாகப் புழங்கியதால் எல்லாரும் 'பின்னால் தேவைப்படும்' என்று பதுக்கினார்கள். யாரும் வெளியே போகவில்லை. போனால்தானே இன்னொருவருக்குப் பிள்ளை பார்க்கும் வேலை? பிள்ளை பார்க்கத் தயாராக அத்தனை பேர் இருந்தும் சங்கம் படுத்துவிட்டது. கூடுதல் சீட்டு அச்சடித்ததும் உயிர் வந்தது, பிறகு அளவுக்கு மிஞ்சி அச்சடித்து வேறு தொல்லையும் வந்தது. ஸ்வீனி தம்பதி 1977ல் இதைக் கட்டுரையாகவே எழுதினார்கள். உங்கள் பிளாக்கிலும் பிப்ரவரியில் மெஷின் காலியாகக் கிடக்கும், ஜூன் பரீட்சைக்கு முந்தின வாரம் எல்லாரும் சேர்த்து வைத்த டோக்கனோடு வந்து மோதுவார்கள். நூறையும் ஒரே நாளில் கொடுக்காதே. மாசத்துக்கு இருபத்தைந்தாகக் கொடு. அடுத்த மாசத்துக்குப் பாதிதான் எடுத்துப்போகலாம் என்று வை.

இப்போது அந்த அண்ணா.

அமெரிக்காவில் மிசூரி – கான்சாஸ் சிட்டி பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறை 'பக்கரூ' என்று ஒரு கேம்பஸ் நோட்டு விட்டது. ஒரு மணி நேரம் சமூகசேவை செய்தால் ஒரு பக்கரூ. வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் குறிப்பிட்ட எண்ணிக்கை பக்கரூ கட்டியாக வேண்டும் என்று வைத்தார்கள். இந்தக் காகிதத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று மாணவருக்குக் காட்டுவதுதான் நோக்கம். தங்கம் வேண்டாம், வெள்ளி வேண்டாம். 'இதைக் கட்டாவிட்டால் உனக்குச் சிக்கல்' என்று ஒருத்தர் சொல்ல முடிந்தால் போதும், காகிதத்துக்காக ஆள் வேலைக்கு ஓடி வருவான்.

படிப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் பிறந்த நமக்கு இந்தப் பாடத்தைக் கான்சாஸ் சொல்லித்தர வேண்டியதில்லை. 1860 நவம்பர் 16ல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்து இறங்கியதிலிருந்து தொடங்கும் கதை இது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் சொந்தக் காலில் நின்று காய்கறி போட்டு விற்கத் தொடங்கியதும் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம். 1895ல் சட்டம் போட்டார்கள்: ஒப்பந்தம் முடிந்து, இந்தியாவுக்கும் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தமும் எழுதாமல் இங்கே இருக்க வேண்டுமானால் வருஷத்துக்கு மூன்று பவுண்டு கட்டு. மூன்று பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங். முதல் வருஷக் கூலி மாசத்துக்குப் பத்து ஷில்லிங் என்று கணக்குப் பார், அரை வருஷச் சம்பளம். பிறகு பதினாறு வயதுப் பையனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் அதே வரியை நீட்டினார்கள். கட்ட முடியாதவர் என்ன செய்வார்? திரும்ப கரும்புத் தோட்டத்துக்கே கைநாட்டு வைப்பார். சவுக்கு தேவைப்படவில்லை, வரி போதுமாக இருந்தது. நம்மவர்கள் 1913 வேலைநிறுத்தத்தில் இறங்கிச் சிறைக்குப் போனபிறகுதான், 1914ல் அந்த வரி ஒழிந்தது.

அந்த அண்ணா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் இரண்டு யோசனையையும் பக்கத்தில் வைத்துப் பார்: டோக்கனைச் சம்பாதிக்க வேலை செய்ய வேண்டும், பரீட்சை வாரத்தில் தலை சாய்க்க டோக்கன் வேண்டும். ரூம் கிடைக்காத பிள்ளைதான், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் நாற்காலி அடுக்கும். ரூம் கிடைத்தவள் தன் நூறை நிழல் பார்க்கிங்கில் போடுவாள். நம் கொள்ளுத்தாத்தா எந்த வலையிலிருந்து வெளியே வந்தாரோ, அதையே சின்னதாக ஒரு பிளாக்குக்குள் பின்னுகிறீர்கள்.

ஆகவே கோட்டை இப்படிப் போடு. இல்லாவிட்டால் படிப்பு நின்றுபோகும் என்கிற எதற்கும் டோக்கன் கேட்காதே. படுக்கை, பரீட்சை வாரத் தங்கல், கணினி அறை, சக்கர நாற்காலிக்காரருக்கு லிஃப்டுக்குப் பக்கத்து ரூம், இவையெல்லாம் தேவையைப் பார்த்து ஆபீஸ் ஒதுக்கட்டும். நிழல், பால்கனி, சனிக்கிழமைக் காலை, பிறந்தநாளுக்கு பிராய் (நெருப்பில் இறைச்சி சுடும் விருந்து) போடும் இடம், இவற்றுக்கு ஏலம் போடு, கை தட்டுகிறேன். வேலைக்கு டோக்கன் வேண்டவே வேண்டாம். ட்யூஷன் எடுப்பவளுக்கு ரேண்டில் கொடு, இல்லை நன்றியாவது சொல். டோக்கனில் கொடுத்தால், வெள்ளிக்கிழமை டில்லில் நிற்கிறவள் மறுபடியும் தோற்பாள்.

கேள்வி: ஆன்ட்டி, மேலே எழுதியவளின் பிளாக்கிலேயே நானும் இருக்கேன், அவ எழுதினது எனக்குத் தெரியும். ரகசியம் என்னன்னா, சோதனைக்குன்னு விட்ட டோக்கனை இப்பவே இருபது ரேண்ட் ஏர்டைமுக்கு (போன் ரீசார்ஜ்) விக்கிறாங்க. தடுக்க முடியுமா? – பெயர் வேண்டாம், வெஸ்ட்வில்

பதில்: இரண்டு பேரும் சேர்ந்தே எழுதியிருக்கலாமே! ஸ்டாம்ப் மிச்சம்.

டோக்கனை யார் கையிலிருந்து யார் கைக்கும் மாற்றலாம் என்று விட்டால் அது பணமாகத்தான் ஆகும், மேலே என்ன எழுதியிருந்தாலும். 1874ல் உம்சிம்குலுவில் ஸ்ட்ராக்கன் கம்பெனி என்ற கடைக்காரர்கள் தங்கள் கடையில் பொருள் வாங்க உலோக டோக்கன் விட்டார்கள். சில்லறைக்கு நாடே தவித்த காலம். கொஞ்ச நாளில் அது கடையைத் தாண்டி கிழக்கு கிரிக்குவாலாந்து முழுக்கக் காசாகவே ஓடியது. உங்கள் பிளாக்கில் அதற்கு அவ்வளவு காலம்கூட ஆகவில்லை போலிருக்கிறது.

தடுக்க வழி: கையில் டோக்கனே கொடுக்காதீர்கள். மாணவர் எண்ணுக்கு எதிரே ஒரு கணக்கு, அதில் கூட்டல் கழித்தல், அவ்வளவுதான். ஒருத்தர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்கு மாற்ற வழியே இருக்கக்கூடாது. 'தோழிக்குப் பரிசாகக் கொடுக்கிறேன்' என்பார்கள். ஏர்டைம் பரிசு அந்த வாசல் வழியாகத்தான் வரும். மெஷின் நேரத்தை மெஷின் நேரத்தோடு மாற்றிக்கொள்ளட்டும், அதில் கெடுதல் இல்லை.

விற்கிற பிள்ளையைத் திட்டாதே. எதற்கு இருபது ரேண்ட் தேவைப்பட்டது என்று மெதுவாக விசாரி. உதவித்தொகை வர தாமதமான மாசமாக இருக்கும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. பாத்திரம் கழுவினால் வைஃபைக்கு டோக்கன் என்று வைத்திருக்கிறேன். நல்ல பழக்கம்தானே? – ஒரு அப்பா, சாட்ஸ்வொர்த்

பதில்: பாத்திரம் சுத்தமாகிறதா? அப்படியானால் நடத்துங்கள். தங்கை வந்து 'எனக்கு எவ்வளவு' என்று கேட்கும் நாள் வரும், அப்போது எழுதுங்கள். ஹோம்வொர்க்குக்குத் தேவையான இன்டர்நெட்டை மட்டும் டோக்கனில் சேர்க்காதீர்கள். காரணம் மேலே நீளமாக எழுதிவிட்டேன்.

கேள்வி: எங்கள் கோயில் கமிட்டி ஆறு பகுதிகளில் சாப்பாட்டு ஹேம்பர் கொடுக்கிறது. சில பகுதிக்கு அரிசி மிஞ்சுகிறது, சில இடத்தில் பால்பவுடர் பற்றாது. நீங்கள் சொல்லும் டோக்கன் இதற்கு ஆகுமா? பசிக்கு ஏலம் போடுவது பாவமில்லையா? – பொருளாளர், ஃபீனிக்ஸ்

பதில்: பசித்தவரிடம் டோக்கன் கேட்டால் பாவம்தான். ஆறு பகுதிப் பொறுப்பாளர்களிடம் கேட்டால் பாவமில்லை. வித்தியாசம் அங்கேதான்.

அமெரிக்காவில் ஃபீடிங் அமெரிக்கா என்ற அமைப்பு நாடு முழுக்க உணவு வங்கிகளுக்குத் தானம் வரும் சாப்பாட்டைப் பிரித்துக் கொடுக்கிறது. முன்பெல்லாம் வரிசை முறை. உங்கள் முறை வரும்போது என்ன லாரி வருகிறதோ அதுதான் உங்களுக்கு, உருளைக்கிழங்கு மிஞ்சிக் கிடக்கும் ஊருக்கும் உருளைக்கிழங்கு லாரி வந்து நிற்கும். 2005ல் அதை மாற்றினார்கள். சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கூடியிருந்து வடிவமைத்தார்கள், கேனிஸ் பிரெண்டர்காஸ்ட் அவர்களில் ஒருவர். ஒவ்வொரு உணவு வங்கிக்கும் அந்த வட்டாரத்து ஏழ்மையைப் பொறுத்து 'ஷேர்' கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை, கவனியுங்கள். தேவை அதிகமான இடத்துக்கு அதிகம். தினமும் ஏலம். அன்றைக்குச் செலவான ஷேர்கள் ராத்திரியே எல்லாருக்கும் திரும்பப் பிரிந்துவிடும், ஆகவே யார் கையிலும் தேங்காது. சின்ன வங்கிகள் கடனுக்கு ஷேர் வாங்கலாம், இரண்டு பேர் சேர்ந்து ஏலம் கேட்கலாம். யாருக்கும் வேண்டாத சரக்கை எடுத்துப்போகிறவருக்கு ஷேரை மேல்கொடுப்பனவாகவே கொடுப்பார்கள்.

உங்கள் ஆறு பகுதிக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். மாசத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்த பிறகு, ஒரு மேசை, ஒரு நோட்டுப் புத்தகம். அரிசி மிஞ்சுகிறவர் அதை விட்டுக்கொடுத்து, வந்த ஷேரில் பால்பவுடர் எடுப்பார். தலைவர் தன் பகுதிக்குக் கூட ஷேர் எழுதிக்கொள்ளாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு, பொருளாளரே.

கேள்வி: எங்கள் மாணவர் தமிழ்ச் சங்கத்துக்குப் பொங்கல் ராத்திரி மேடையில் நாலே இடம், ஆடக் கேட்பவர் இருபது பேர். ஏலமா, குலுக்கலா? – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: குலுக்கல். ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு பொருள். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க வழியில்லாத இடத்தில் டோக்கனுக்கு வேலையில்லை, ஆளாளுக்கு நூறையும் கொட்டிவிட்டு முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் கல்லில் வெட்டி வைத்தார்களே, அதே குடவோலைதான் உங்களுக்கு. பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு, விஷயம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்துக்குள்ளேயே போடவிடவில்லை. உங்கள் சங்கத்தில் போன வருஷம் டிக்கெட் காசுக்குக் கணக்குத் தராதவர் யாராவது ஆடக் கேட்டிருக்கிறாரா, பாருங்கள்.

கேள்வி: டோக்கன் அச்சடிக்க டர்பனில் மலிவான அச்சகம் எது ஆன்ட்டி? – வெஸ்ட்வில்

பதில்: நீங்கள் மூன்றாவது ஆள் அந்த பிளாக்கிலிருந்து. அச்சடிக்காதீர்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். எக்செல் ஷீட் போதும். பாஸ்வேர்டை இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள், இருவரும் ஒரே மாடியில் இருக்க வேண்டாம்.